மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டுப் புழுக்களை அடையாளம் காணுதல்

(திசையன்விளையில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே செய்த பிரசங்கம்)



முழு வளர்ச்சி பெற்றாலும் அரை அங்குலத்திற்கு மேற்படாத ஒரு புழுவைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இவ்வளவு அற்பமான ஜந்துவைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு கூட்டமும் வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். ஆயினும், அதை இன்னதென்று அறியாதிருப்பதால் நமக்கு ஏற்படும் நஷ்டம் அற்பமானதன்று. தோட்டத்தில் வெண்மையாக ஏதோ படர்ந்திருக்கக் கண்டவுடன், அது முழுவதும் பகைப்பூச்சி என்றெண்ணி விஷ மருந்து தெளிக்கிறோம். மருந்துக்கு ரொக்கம் இல்லாதவர் சங்கத்தில் கடன் பெறுகிறார். தெளித்த மருந்தில் பகைப்பூச்சியில் ஒரு பகுதி சாகிறது. அதைத் தின்றுகொண்டிருந்த துணைப்பூச்சியோ அடியோடு அழிகிறது. சில வாரங்களில் பகை மறுபடியும் பெருகுகிறது. மறுபடியும் மருந்து, மறுபடியும் கடன்.

நம் சுற்றுப்புறத்து நிலத்தின் இயல்பை நீங்களே நன்கு அறிவீர்கள். தாமிரவருணிப் பாய்ச்சலில் உள்ளவர்களைப்போல் நாம் ஆற்றை நம்பிப் பயிரிடுகிறவர்கள் அல்லர். செம்மணலையும் கிணற்று நீரையும் கொண்டே முருங்கையும் வாழையும் தென்னையும் காய்கறியும் வளர்க்கிறோம். இறைக்கும் தண்ணீருக்கே செலவு அதிகம். அதன்மேல் வீண் மருந்துச் செலவும் சேருமாயின் விளைச்சலில் மிஞ்சுவது என்ன? ஆகையால், மருந்துக் குப்பியைத் திறக்கும் முன் செடியைக் கூர்ந்து பார்க்கவேண்டும் என்பதே என் பிரசங்கத்தின் சாரம். எதைப் பார்க்கவேண்டும், எப்படிப் பார்க்கவேண்டும் என்பதை இனிச் சொல்லுகிறேன்.

என் சொந்தத் தவறு

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் என் தவற்றையே சொல்லிவிடுவது முறை. பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கொல்லையில் நின்ற கொய்யா மரத்தின் கொழுந்துகளில் மாவுப்பூச்சி கண்டது. நாள்தோறும் காலையில் சென்று பார்த்தேன். சிறிய வெண்பூச்சிகளுக்கு நடுவே, அவற்றைப்போலவே வெண்மையாய், ஆனால் அவற்றினும் மூன்று நான்கு மடங்கு பெரியவையாய்ச் சில புழுக்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ‘இவைதாம் தாய்ப்பூச்சிகள், இவற்றை ஒழித்தால் வம்சமே ஒழியும்’ என்று தீர்மானித்து, ஒன்று விடாமல் பொறுக்கி நசுக்கினேன். எஞ்சிய சிறு பூச்சிகள் பத்துப் பதினைந்து நாட்களில் மரம் முழுவதும் படர்ந்தன. காய் ஒன்றும் தேறவில்லை. நான் நசுக்கியவை மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதற்கு நானே சாட்சியானேன்.

பகைப்பூச்சிகளின் தன்மை

துணையை அறிய வேண்டுமாயின் முதலில் பகையை அறிய வேண்டும். செதிற்பூச்சி, மாவுப்பூச்சி என்பவை ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் ஊசி போன்ற வாயைச் செடியில் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன.

செதிற்பூச்சி இலையிலோ பட்டையிலோ ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, தன்மேல் ஓடு போன்ற மூடியைச் செய்துகொள்ளும். தென்னை ஓலையின் அடிப்புறத்தில் வட்டமான, கண்ணாடி போன்ற மெல்லிய செதில்களை நீங்கள் கண்டிருக்கலாம். அவை மிகுந்தால் ஓலை மஞ்சளாகிக் காய்ந்துபோகும். மாவுப்பூச்சி ஓட்டுக்குப் பதிலாக வெண்மெழுகுப் பொடியைப் பூசிக்கொள்ளும். சில ஊர்களில் இதைக் கள்ளிப்பூச்சி என்றும் சொல்வர். பப்பாளி, கொய்யா, சீத்தா, கத்தரி, செம்பருத்தி முதலிய பலவற்றிலும் இதைக் காணலாம். வெயிலும் வறட்சியும் மிகுந்த மாதங்களில் இது விரைந்து பெருகும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் மிகவும் நுண்ணியவை. ஆனி, ஆடி மாதக் காற்று அவற்றைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கொண்டுபோய்விடும்.

மாவுப்பூச்சியும் சிலவகைச் செதிற்பூச்சிகளும் தேன்போன்ற கழிவைச் சிந்துகின்றன. அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கரிபூசியதுபோல் ஆகிறது. அந்த இனிப்பை நாடி எறும்புகள் வருகின்றன. வெறுமனே தின்றுவிட்டுப் போகாமல், மாட்டுக்காரன் மாட்டைக் காப்பதுபோல் அப்பூச்சிகளைக் காவல் காக்கின்றன. பொறிவண்டு அணுகினால் கடித்துத் துரத்துகின்றன. ஆகவே, மரத்தில் எறும்புச் சாரி தொடர்ந்து ஏறுமாயின் அதைப் பின்பற்றிப் பாருங்கள். பகைப்பூச்சி இருக்கும் இடத்திற்கு எறும்பே வழிகாட்டும்.

விஷ மருந்து இங்கே பெரும்பாலும் பலிக்காததன் காரணமும் விளங்கும். ஓடும் மெழுகும் பகைப்பூச்சிக்குக் கவசம். மருந்து நீர் அவற்றின்மேல் பட்டு உருண்டோடிவிடுகிறது. திறந்த வெளியில் அலைந்து திரியும் துணைப்பூச்சியே முதலில் மருந்துக்கு இரையாகிறது.

பசுத்தோல் போர்த்த புலி

பொறிவண்டை அறியாதவர் இல்லை. அரைக் கடலைபோல் குவிந்து பளபளக்கும் சிறு வண்டு அது. ஆனால் அதன் புழு வண்டைப்போல் சிறிதும் இராது. தாய் வண்டு பகைப்பூச்சிக் கூட்டத்தின் நடுவிலேயே முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு அங்கேயே தின்று வளர்ந்து, பின்பு கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவருகிறது. இவ்வளவும் நடைபெற ஏறக்குறைய ஒரு மாதமாகும்.

மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டுகளுள் தலைசிறந்தது கிரிப்டோலீமஸ் என்னும் ஆஸ்திரேலிய வண்டு. வளர்ந்த வண்டு எள்ளைவிடச் சற்றே பெரியது. முதுகு கறுப்பு, தலையும் பின்முனையும் ஆரஞ்சு நிறம். இதன் புழுவோ, தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே வெண்மெழுகால் தன்னை மூடிக்கொள்கிறது. பசுத்தோல் போர்த்த புலி என்று நாம் வஞ்சகரைச் சொல்வதுண்டு. இங்கே அந்தப் புலி நம் பக்கத்தில் நிற்கிறது என்பதே வேறுபாடு. அதனை மாவுப்பூச்சியினின்றும் பிரித்தறிய ஐந்து அடையாளங்கள் உண்டு.

முதலாவது, அளவு. மாவுப்பூச்சி வளர்ந்தபோதும் எள்ளளவே. வண்டுப் புழு முற்றும்போது நெல்லினும் நீண்டிருக்கும்.

இரண்டாவது, மெழுகின் விதம். மாவுப்பூச்சியின் விளிம்பில் உள்ள மெழுகு இழைகள் குட்டையாய், வரிசையாய், கத்தரித்து விட்டதுபோல் இருக்கும். புழுவின் மெழுகு நீண்டு, தடித்து, சுருண்டு, சிக்குப் பிடித்த பஞ்சுபோல் தொங்கும்.

மூன்றாவது, நடை. மாவுப்பூச்சியைத் துரும்பால் தொட்டால் அசையாதிருக்கும். அல்லது மெல்ல நகரும். புழுவைத் தொட்டால் விரைந்து ஊரும். இரை தேடி அங்குமிங்கும் அலையும்.

நான்காவது, உடல். ஈரமான கோழியிறகால் மெழுகை மெல்லத் துடைத்துப் பாருங்கள். மாவுப்பூச்சி முட்டை வடிவமாய், மிருதுவாய், தலையும் வாலும் எளிதில் தெரியாமல் இருக்கும். புழுவின் உடல் நீண்டு, வளையம் வளையமாய், முன்புறத்தில் மூன்று ஜோடிக் கால்கள் தெளிவாய்த் தெரியும்.

ஐந்தாவது, சுற்றுப்புறம். புழு இருக்குமிடத்தில் முட்டைப் பஞ்சு கலைந்தும், வெறுந்தோல்கள் சிதறியும் கிடக்கும். புலி நடமாடும் காட்டில் எலும்பு கிடப்பதுபோல என்று கொள்ளலாம்.

இவ்வைந்திலும் சந்தேகம் தீராதவர்கள் ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடிச் சீசா ஒன்றில், பூச்சி உள்ள ஒரு சிறு கொழுந்தை இட்டு, அதிலுள்ள மாவுப்பூச்சிகளை எண்ணிக்கொள்ளுங்கள். சந்தேகப்பட்ட புழுவை அதில் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் எண்ணிப் பாருங்கள். பூச்சி குறைந்தால் புழு நம் துணை. படிப்பில்லாதவரும் செய்யக்கூடிய பரீட்சை இது. இவ்வண்டின் புழு ஒன்று தன் வளர்ச்சிக் காலத்தில் 900 முதல் 1500 வரை மாவுப்பூச்சி முட்டைகளையோ, அல்லது சுமார் 300 குஞ்சுகளையோ, அல்லது சுமார் 30 வளர்ந்த பூச்சிகளையோ தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நான் கொய்யா மரத்தில் நசுக்கியது எவ்வளவு பெரிய சேனையை என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

வேறு துணைப்புழுக்கள்

கிரிப்டோலீமஸ் நம் நாட்டுக்கு வந்த வரலாறு குறிப்பிடத்தக்கது. காபிச் செடியைப் பாழாக்கிய பச்சைச் செதிற்பூச்சியை அழிப்பதற்கென்று 1898ஆம் ஆண்டில் அதை ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னாட்டிற்குக் கொண்டுவந்தார்கள். கருதிய காரியம் அப்போது கைகூடவில்லை. ஆயினும், வண்டு இங்கே நிலைத்து மாவுப்பூச்சிகளைத் தின்று வாழத் தொடங்கியது. பிற்காலத்தில் திராட்சை, கொய்யா முதலியவற்றுக்கு வேண்டி அதை வளர்த்து விடுவது வழக்கமாயிற்று.

நீலகிரியில் நடந்தது இன்னொன்று. தோல் பதனிடப் பட்டை தரும் வாட்டில் மரங்களில் பஞ்சுச் செதிற்பூச்சி என்னும் பகை 1921ஆம் ஆண்டில் காணப்பட்டது. அதே பூச்சி அதற்கு முன்பே அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. 1888ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கோபெலே என்பவர் ஆஸ்திரேலியா சென்று, ரொடோலியா என்னும் சிவந்த பொறிவண்டை அங்கிருந்து அனுப்பினார். சில நூறு வண்டுகளின் சந்ததி இரண்டொரு ஆண்டுகளில் தோட்டங்களைக் காப்பாற்றியது. 1930 வாக்கில் அந்த வண்டு நீலகிரிக்கும் வந்து பயன் தந்தது. இதன் புழு மெழுகு பூசாதது, சிவந்த நிறமுடையது, பஞ்சுச் செதிற்பூச்சியின் முட்டைப்பைக்குள்ளேயே புகுந்து தின்னும்.

கலிபோர்னியாவின் கதை அத்துடன் முடியவில்லை. 1940களின் பிற்பகுதியில் அத்தோட்டங்களில் டி.டி.டி. என்னும் மருந்து தெளிக்கப்பட்டபோது ரொடோலியா வண்டு மாண்டது. ஐம்பதாண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்த செதிற்பூச்சி மறுபடியும் தலைதூக்கியது. மருந்தை நிறுத்தி வண்டை மீண்டும் விட்ட பின்னரே அது தணிந்தது. அந்நிய தேசத்தார் பணம் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் செலவின்றிக் கற்கலாமல்லவா?

நம் தென்னைக்கு உதவும் வண்டு அயல்நாட்டிலிருந்து வந்ததன்று. கைலோகோரஸ் என்னும் அது, குன்றிமணியின் கறுப்புப் பகுதியைப்போல் பளபளப்பான கருநிறமும் உருண்டை வடிவும் உடையது. இந்திய நாட்டிற்கே உரிய இதனை, 1938ஆம் ஆண்டில் சீஷெல்ஸ் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே தென்னையைப் பிடித்த செதிற்பூச்சிகளின்மேல் ஏவினார்கள். கடல் கடந்து பிறர் தென்னையைக் காத்த வண்டு இது! இதன் புழுவின் முதுகெங்கும் கிளைத்த முட்கள் நிமிர்ந்து நிற்கும். பார்க்க அச்சமாயிருப்பினும் மனிதரைத் தீண்டாது. செதிற்பூச்சி மொய்த்த ஓலையில் முள் நிறைந்த புழுவைக் கண்டால் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

வண்டினம் அல்லாத துணைகளும் உண்டு. ஸ்பால்ஜிஸ் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சியைத் தின்பதே. அது அட்டைபோல் தட்டையாய், வெண்மாவு பூசியிருக்கும். அதன் கூட்டுப்புழுவைக் குரங்கின் முகம் என்றே சொல்லலாம். 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்டுத் தமிழ்நாடெங்கும் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி முதலியவற்றைப் பாழாக்கிய பப்பாளி மாவுப்பூச்சியை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அதை அடக்கியவை 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகள். மாவுப்பூச்சி உப்பிக் காய்ந்து, முதுகில் ஒரு சிறு துளையுடன் கிடக்குமாயின், குளவி தன் வேலையை முடித்துவிட்டது என்று அறிக.

ஏமாறக் கூடாத ஒன்று

பொறிவண்டு வடிவமுள்ளவை யாவும் துணை என்று எண்ணிவிடலாகாது. கத்தரியிலும் பாகலிலும் இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளிவண்டும் அதே குடும்பத்தது. அதன் புழு மஞ்சள் நிறமாய், முட்களுடன் இருக்கும். தென்னையின் துணைப்புழுவுக்கும் முள் உண்டு, இதற்கும் முள் உண்டு. ஆகவே முள்ளை மட்டும் கண்டு தீர்மானிக்காமல் இலையைப் பாருங்கள். இலை சல்லடைபோல் அரிக்கப்பட்டு, அருகில் செதிற்பூச்சியோ மாவுப்பூச்சியோ செடிப்பேனோ இல்லாதிருந்தால், அந்தப் புழு பகையே. அதைப் பொறுக்கி அழிப்பதில் குற்றமில்லை.

நட்பும் பகையும் நாம் காக்கும் பயிரைப் பொறுத்தவை என்பதற்கு நம் நாட்டுச் சப்பாத்திக் கள்ளியே சான்று. நிலங்களை அடைத்துக் கிடந்த அக்கள்ளியை ஒழிப்பதற்கு 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒரு சாயப்பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அதுவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கள்ளியைக் கொன்று நிலத்தை மீட்டுத் தந்தது. தென்னாப்பிரிக்காவிலோ, நாம் இவ்வளவு புகழும் கிரிப்டோலீமஸ் வண்டே அந்தச் சாயப்பூச்சியைத் தின்று கள்ளி ஒழிப்பு வேலைக்கு இடையூறு செய்தது. எனவே, பெயரைக் கொண்டன்று, செயலைக் கொண்டே எதையும் மதிக்கவேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

தனியாக ஒவ்வொருவரும் செய்யத்தக்கவை சில. வாரம் ஒருமுறை காலை வேளையில் தோட்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாகச் சில செடிகளைக் கொழுந்து முதல் அடிவரை பாருங்கள். எறும்பு ஏறாதபடி மரத்தின் அடியில் துணிப்பட்டை கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையின்மேல் நேராகத் தடவுவது மரத்திற்குத் தீங்கு. மண்ணையும் சுவரையும் தொடும் கிளைகளைக் கழியுங்கள். இல்லையேல் எறும்பு அவ்வழியே ஏறிவிடும். பூச்சி மிகுந்த கொழுந்துகளை வெட்டி எரிப்பது நல்லதே. ஆனால் எரிக்குமுன் அவற்றிலுள்ள துணைப்புழுக்களைக் கோழியிறகால் தள்ளி எடுத்து, பூச்சியுள்ள வேறு கிளையில் விடுங்கள். துணைப்புழு எங்கும் தென்படாமல் பகை மிகுமாயின், பூச்சியுள்ள செடிக்கு மட்டும் வேப்பெண்ணெயுடன் சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கலாம். வண்டை வாங்கி விட்ட தோட்டத்தில் விஷ மருந்து தெளிப்பது, விதைத்த வயலில் ஆட்டை ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும், இந்தக் காரியம் தனி ஒருவரால் முடிவதன்று. வண்டு வேலியை மதியாது. ஒருவர் தோட்டத்தில் பெருகியது அடுத்தவர் தோட்டத்திற்கும் போய் உதவும். அதுபோலவே அடுத்த தோட்டத்தில் தெளித்த விஷம் உங்கள் வண்டையும் கொல்லும். கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் நாம் இதிலும் ஒருவருக்கொருவர் பொறுப்பாய் நிற்க வேண்டாமா? ஆகையால் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, மாவுப்பூச்சிக்கு மருந்துக் கடன் கேட்கும் அங்கத்தினரின் தோட்டத்தை, கடன் கொடுக்குமுன் இரண்டு அங்கத்தினர்கள் சென்று பார்த்துவரட்டும். துணைப்புழு காணப்பட்டால் கடனை மறுக்கவேண்டியதில்லை. சில நாட்கள் பொறுத்து மறுபடியும் பார்க்கச் சொன்னால் போதும்.

இரண்டு, சங்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும், பகைக்கும் துணைக்கும் உரிய மாதிரிகளை இட்ட சில சீசாக்களும் வைத்திருக்கட்டும். இன்னதென்று தெரியாத புழுவைக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் காட்டி யோசனை கேட்கலாம்.

மூன்று, வண்டை நாமே வளர்க்க முயலலாம். நம் சீமையில் பூசணிக்காய் என்று வழங்கும் சிவந்த காய்களைக் காம்புடன் கொண்டுவந்து, கழுவி நிழலில் வைத்து, அவற்றின்மேல் மாவுப்பூச்சியைப் படரவிட்டு, மூடிய கூண்டில் வண்டுகளை விட்டால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதிய வண்டுகள் வெளிவரும். கொய்யா போன்ற மரத்திற்குப் பத்து வண்டு வீதம் விடுவது வழக்கம். ஓர் அறையும் சில கூண்டுகளும் பொறுமையும் இருந்தால் போதும். வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கு இது நல்ல உபதொழிலும் ஆகும்.

அங்கத்தினர்களே! வானம் பொய்த்தால் நாம் ஒன்றும் செய்ய இயலாது. விலை விழுந்தாலும் நம்மால் தனித்துத் தடுக்க முடியாது. ஆனால் கூலி கேளாமல், கஞ்சி கேளாமல், இரவும் பகலும் நம் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு வேலையாளைக் கொல்லாதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது. நாளைக் காலையில் தோட்டத்திற்குச் செல்லும்போது, வெள்ளையாய் ஊரும் புழு ஒன்றைக் கண்டால், கையை ஓங்குமுன் குனிந்து ஒரு நிமிஷம் பாருங்கள். என் கொய்யா மரத்தடியில் நான் அந்த ஒரு நிமிஷம் நின்று பார்த்திருந்தால், இன்று இப்பிரசங்கத்திற்கே தேவை இருந்திராது.